ஒறக்கம் வந்தா எழுப்பணும்

துபாய் ஆட்டோட்ரோமில் ரேஸ் கார்கள் பெட்ரோல் போட வரிசையில் நிற்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். அவை ஓடுவதைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

2013 ஜனவரி. அப்போது துபாயில் குடிதண்ணீர் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஆட்டோட்ரோம் டியூட்டி. பின்வாசல் வழியாகப் போய்த் தொட்டியில் தண்ணீரை இறக்கிவிட்டுக் குழாயைச் சுருட்டும்போது பார்க்கிறேன், ஓணத்துக்கு முந்தின நாள் உதியன்குளங்கரை பங்கில் நிற்கிற மாதிரி கார்கள் வரிசையாக நிற்கின்றன. பம்பு இருக்கிறது, குழாய் இருக்கிறது, தீயணைப்புச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார். நிற்கிற வண்டிகள் மெர்சிடஸ், போர்ஷ, பி.எம்.டபிள்யூ., ஆடி. கதவெல்லாம் எண்கள். முன்பக்கம் முழுக்க அடுத்த வண்டியின் டயரிலிருந்து பறந்த கறுப்பு ரப்பர். சக்கரத்துக்குள்ளிருந்து பிரேக் காய்ந்த வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். தொப்பூர் கணவாயை இறங்கி முடித்த லாரியிடம் வருகிற வாசனை அது.

டயர் உருட்டிக்கொண்டிருந்த ஒருவர் முகம் கழுவ என் டேங்கர் பக்கம் வந்தார். சட்டையெல்லாம் கரி. நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

“தம்பி, தமிழுங்களா?”

“ஆமாண்ணா. பாறசாலை.”

“அது கேரளாவுங்களே?”

இந்தக் கேள்வியோடுதான் எங்கள் ஊர்க்காரர்கள் உலகம் முழுக்கப் போய்வருகிறோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எங்கள் வீடு இஞ்சிவிளைக்குப் பக்கம். வாசலில் இறங்கிக் கொஞ்சதூரம் நடந்தால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. பள்ளிக்கூடத்தில் மலையாளம், அடுக்களையில் தமிழ். அம்மா வேதபுத்தகத்தை மடியில் விரித்து எழுத்துக் கூட்டச் சொல்லித்தந்த தமிழில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அண்ணன் கோயம்புத்தூர்க்காரர். துபாயில் ஒரு வொர்க்ஷாப்பில் மெக்கானிக். ரேஸ் வாரத்துக்கு மட்டும் ஒரு அணிக்குக் கூலிக்கு வந்திருந்தார். பந்தயம் 24 மணி நேரம் என்றார். அத்தனை நேரம் எப்படி ஒரு ஆள் ஓட்டுவார் என்று கேட்டேன். “ஒரு ஆள் இல்லீங்க தம்பி. ஒரு வண்டி, மூணு பேரோ நாலு பேரோ மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. ராத்திரி வாங்க, காட்டறேன்” என்றார்.

அன்று ராத்திரி டியூட்டி முடிந்து அறைக்குப் போகவில்லை. அங்கேயே நின்றேன்.

வண்டிகள் வந்து நின்று ஆள் மாற்றுகிற இடத்தைப் பிட் என்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு ஓரமாக நிற்க இடம் கிடைத்தது. ஒரு மெர்சிடஸ் வந்து நின்றது. எஸ்.எல்.எஸ். என்ற வகை. அதன் கதவு பக்கவாட்டில் திறக்காது, கொக்கு சிறகை விரிக்கிற மாதிரி மேலே போகும். கதவு மேலே போன நொடியில் உள்ளேயிருந்தவர் பெல்ட்டைக் கழற்றித் தன்னை வெளியே உருவிக்கொண்டார். வெளியே காத்திருந்தவர் தன் உடம்புக்கு வார்த்த மெத்தையை இருக்கையில் திணித்து உள்ளே நுழைந்தார். இதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இறங்கினவர் போய்விடவில்லை. ஓட்டி ஓட்டி உப்புப் பூத்த முகத்தோடு திரும்பக் குனிந்து, புதிதாக ஏறியவரின் தோள்பட்டை பெல்ட்டை இழுத்து இறுக்கினார். வயர்லெஸ் ஒயரைச் செருகினார். தண்ணீர் குடிக்கிற குழாயை மாட்டினார். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டுகிற மாதிரி தலையை உள்ளே விட்டு ஏதோ சொன்னார். மற்றவர் தலையாட்டினார். கதவு இறங்கியது. வண்டி போயிற்று.

“என்ன சொன்னார்?”

“பிரேக் எப்படி இருக்கு, டயர் எந்த வளைவுல வழுக்குது, எங்க ஆயில் கொட்டியிருக்கு, அதான்” என்றார் அண்ணன்.

எனக்கு ஆசான் ஞாபகம் வந்துவிட்டார்.

*

2000-இல் லாரியில் கிளீனராக ஏறினேன். ஏற்றிவிட்டவரை நாங்கள் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளறடைப் பக்கத்துக்காரர். ரப்பர் ஷீட் ஏற்றி வடக்கே போய், திரும்பும்போது நாசிக்கில் வெங்காயம் ஏற்றிவருவோம். புனே, சத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், தொப்பூர், சேலம், மதுரை, திருநெல்வேலி, ஆரல்வாய்மொழி, பிறகு வீடு. மூன்று ராத்திரி. லைசென்ஸ் எடுத்த பிறகு நானும் அவரும் மாற்றி மாற்றி ஓட்டினோம்.

ஆசான் வண்டியைக் கை மாற்றும்போது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். ஓரங்கட்டி நிறுத்துவார். இறங்கி பத்து வீலையும் கம்பியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். கையை டிரம் பக்கம் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். அப்புறம் என்னிடம் சொல்லுவார்: “பிரேக் கொஞ்சம் எறங்கியிருக்கு. பிடிச்சா எடப்பக்கம் இழுக்கும். மூணாவது கியரு நேரா விழாது, கொஞ்சம் நிதானிச்சுப் போடு. எறக்கத்துல நியூட்ரல் அடிச்சா கைய ஒடிச்சிருவேன். ஒறக்கம் வந்தா எழுப்பணும், கேட்டியா? வெக்கப்படாத.”

இதைச் சொல்லி முடித்துப் பின்னால் பெர்த்தில் சாய்ந்தால் இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்கும். தொப்பூர் இறக்கத்தில், நான் இரண்டாவது கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை இறக்கும்போதும் அந்தக் குறட்டை நிற்காது. அந்தக் குறட்டையைப் போல ஒரு பட்டம் எனக்கு இதுவரை யாரும் தந்ததில்லை.

அதை நான் கெடுத்துக்கொண்டேன். 2005. மதுரை தாண்டியதும் ஆசானை எழுப்பியிருக்க வேண்டும். முந்தின ராத்திரி பெங்களூர் வரை அவர்தான் ஓட்டினார், மேலுக்குச் சுகமும் இல்லை. கிடக்கட்டும் பாவம் என்று நினைத்தேன். இப்போது யோசிக்கும்போது அது மட்டுமல்ல காரணம். ஒரே மூச்சில் வீடுவரை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்றும் இருந்தது. கோவில்பட்டி தாண்டினேன். கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருந்தது. கண்ணாடியைத் திறந்து காற்றை வாங்கினேன், தொடையைக் கிள்ளினேன், சத்தமாகப் பாட்டுப் பாடினேன். இதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். தெரிந்தும் செய்வோம். கயத்தாறுக்கு முன்னால் ஒரு மூன்று நான்கு வினாடி எனக்கு இல்லாமல் போயிற்று. அந்த வினாடிகளைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. கண் திறந்தபோது வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கரிசல் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மழை. சக்கரம் அச்சு வரை புதைந்து நின்றது. எதிரே வண்டி வரவில்லை, ரோட்டோரம் ஆள் நடக்கவில்லை. வந்திருந்தால், நடந்திருந்தால் என்று நான் இன்னமும் கணக்குப் போடுகிறேன்.

ஆசான் இறங்கினார். வண்டியைச் சுற்றிவந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்து டிராக்டர் வந்து இழுத்தது. சாவியை வாங்கிக்கொண்டு களியக்காவிளை வரை அவரே ஓட்டினார்.

அடுத்த டிரிப்பில் சாவியைத் தந்தார். பிரேக், கியர், எல்லாம் பழையபடியே சொன்னார். பிறகு பெர்த்தில் ஏறவில்லை. என் பக்கத்து சீட்டில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த டிரிப்பிலும் அப்படித்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஓட்டும்போது ஆசான் தூங்காமல் இருந்தது தாங்கவில்லை. 2008-இல் துபாய் விசா வந்தபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் கிளம்பியதற்கு அந்தப் பக்கத்து சீட்டும் ஒரு காரணம்.

*

இந்தக் கதையை அன்று ராத்திரி அந்த அண்ணனிடம் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டு அவர் இன்னொரு கதை சொன்னார். பிற்பாடு நானும் தேடிப் படித்தேன்.

பிரான்சில் லெ மான்ஸ் என்ற ஊரில் 1923 முதல் 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. இந்த வகைப் பந்தயங்களுக்கெல்லாம் தாய்வீடு அதுதான். 1952-இல் பியர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரர் டால்போ காரில் இறங்கினார். கூட ஓட்ட இன்னொரு ஓட்டுநர் தயாராக இருந்தார். லெவெக் அவரிடம் வண்டியைக் கொடுக்கவே இல்லை. ராத்திரி முழுக்கத் தனியாக ஓட்டினார். விடிந்தபோது அவர்தான் முன்னால். மற்றவர்களைவிட நான்கு சுற்று முன்னால். இறங்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். இறங்கவில்லை. 23-ஆவது மணி நேரத்தில் என்ஜின் உடைந்தது. களைப்பில் கியரைத் தவறப் போட்டுவிட்டார் என்கிறவர்கள் உண்டு. என்ஜின் ராத்திரியிலிருந்தே அதிர்ந்துகொண்டிருந்தது, அதன் நோவு தனக்கு மட்டும்தான் தெரியும் என்றுதான் அவர் அடுத்தவர் கையில் கொடுக்கவில்லை என்கிறவர்களும் உண்டு. பின்னால் வந்த மெர்சிடஸ் ஜெயித்தது. அதை லாங், ரீஸ் என்று இரண்டுபேர் பங்கிட்டு ஓட்டியிருந்தார்கள்.

லெவெக்கின் பிடிவாதத்தை நான் குறை சொல்லமாட்டேன். என்ஜின் அதிர்வது தெரிந்தால் அதை இன்னொருவன் காலடியில் கொடுக்க மனசு வராது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அதிர்வை வாயால் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆசான் மூன்றாவது கியரைச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

அதே லெவெக்தான் 1955-இல் அதே லெ மான்ஸில், மெர்சிடஸ் காரில், 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்ட விபத்தில் இறந்தார். அதில் தவறு யாருடையது என்று இன்றும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை.

இன்று லெ மான்ஸில் ஒரு ஓட்டுநர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. மொத்தம் 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கோப்பைக்காக ஓட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கு. வயிற்றுக்காக ஓட்டுகிறவனுக்கும் நம் நாட்டில் கணக்கு இருக்கிறது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நெடுந்தூரம் என்றால் கொஞ்சம் கூடலாம் என்றும் இருந்தது. நான் லாரியில் இருந்த எட்டு வருடத்தில் அந்தச் சட்டத்தை ஒரு தாபாவிலும் பார்க்கவில்லை. நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். வண்டி நவீனமாகிவிட்டது, ஒருவர் போதும் என்று காரணம் சொன்னார்கள். வண்டி நவீனமாகும். கண்ணிமை அப்படியேதான் இருக்கும். கரிசல் மண்ணில் இறங்கிப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த இரண்டாவது டிரைவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

*

துபாயில் நான் பார்த்தவை ஜி.டி. கார்கள். ஜி.டி. என்பது இத்தாலிக்காரர்களின் கிரான் டூரிஸ்மோ. பெரும்பயணம் என்று சொல்லலாம். தொலைதூரம் போகவேண்டும், வேகமாகப் போகவேண்டும், போய்ச் சேரும்போது ஓட்டினவன் முதுகு ஒடிந்துபோகவும் கூடாது. அதற்குச் செய்த கார். மூக்கு நீண்ட ஃபார்முலா கார் ரோட்டில் ஓடாது. ஜி.டி. ரேஸ் காரின் உடன்பிறப்பு ரோட்டில் ஓடும். ஷேக் சாயித் ரோட்டில் என் டேங்கரைத் தாண்டிப்போன அதே போர்ஷவின் அண்ணன்தான் இங்கே உள்ளே இருக்கிற வசதியெல்லாம் பிடுங்கி, கூண்டுக் கம்பி வைத்து ஓடுகிறது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அதன்மேல் ஒரு ஒட்டுதல்.

துபாய்ப் பந்தயம் 2006-இல் தொடங்கியது. ஒரு சுற்று 5.39 கிலோமீட்டர். வேகமான கார்கள் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். 600 சுற்று என்றால் 3,200 கிலோமீட்டருக்கு மேல், கன்னியாகுமரியில் கிளம்பி அமிர்தசரஸில் இறங்குகிற தூரம். இதை ஒரு இடத்தையே சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள். கூடவே சின்ன கார்களும் ஓடும். பெரிய கார்க்காரன் சின்ன கார்க்காரனை ஒரு ராத்திரியில் நூறு தடவை தாண்ட வேண்டும். சின்ன கார்க்காரன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தன் கோட்டில் ஓட்ட வேண்டும். தொழில்முறை ஓட்டுநரோடு வியாபாரிகளும் டாக்டர்களும் கலந்து ஓட்டுவார்கள், பணம் கட்டி. பார்வதிபுரத்தில் சாயங்காலம் நடக்கிற போக்குவரத்தையே 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் இப்படித்தான் இருக்கும்.

விபத்து நடந்தால் ஊதாக் கொடி. கோட் 60 என்பார்கள். கொடி விழுந்ததும் எல்லா வண்டியும் 60 கிலோமீட்டருக்கு இறங்கவேண்டும். முந்தக்கூடாது. அந்த நேரத்தில்தான் பெட்ரோலுக்குக் கூட்டம் அலைமோதும், மற்றவர் மெதுவாகப் போகும்போது நின்றால் நஷ்டம் குறைவு. இரவு இரண்டு மணிக்கு ஒரு கோட் 60 வந்தது. அதுவரை காதைக் கிழித்த சத்தம் சட்டென்று அடங்கி, அத்தனை கோடி ரூபாய் வண்டிகளும் சவ ஊர்வலம்போல வரிசையாக ஊர்ந்தன. அந்த அமைதியில்தான் கராஜுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முன்பு அந்த மெர்சிடஸிலிருந்து இறங்கினவர் ஒரு மடக்குக் கட்டிலில், காலணியோடு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டி இருட்டில் வேறொருவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அவரை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மதியம் ஜெயித்தது பிளாக் ஃபால்கன் என்ற ஜெர்மன் அணியின் மெர்சிடஸ் எஸ்.எல்.எஸ். நான்கு ஓட்டுநர்கள்: பெர்ன்ட் ஷ்னைடர், யெரூன் பிளீகெமோலன், ஷான் எட்வர்ட்ஸ், அமீரகத்தின் காலித் அல் குபைசி. ஷ்னைடருக்கு அப்போது 48 வயது. அதே வருடம் பாத்தர்ஸ்ட், நூர்பர்க்ரிங், ஸ்பா என்று மற்ற பெரிய நெடும்பந்தயங்களையும் ஜெயித்துவிட்டார். ஒவ்வொன்றிலும் கூட்டாளிகளில் யாராவது மாறியிருந்தார்கள். ஷான் எட்வர்ட்ஸுக்கு வயது 26. அந்த அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனபோது விபத்தில் இறந்தார். அந்தச் செய்தியை டேங்கருக்குள் உட்கார்ந்து போனில் படித்தேன். பக்கத்து சீட்டு என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

*

கோவை அண்ணன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அல் கூஸில் எங்கள் அறைக்கு வருவார். நாங்கள் மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் வைப்போம். அவர் சோழவரத்தைப் பற்றிச் சொல்லுவார்: சென்னைக்கு வடக்கே யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்கள், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. கரிவரதனைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். பணக்காரர் மட்டும் ரேஸ் ஓட்டின காலத்தில், மாருதி என்ஜினை வைத்து விலை குறைந்த ரேஸ் கார் செய்து கொடுத்தவர். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்துத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

அந்தக் காரில் தொடங்கியவர் நரேன் கார்த்திகேயன். அவர் ஃபார்முலா 1 ஓட்டியது எல்லோருக்கும் தெரியும். 2009 லெ மான்ஸ் கதை அவ்வளவாகத் தெரியாது. கோலஸ் அணியின் ஆடி டீசல் காரில் நரேன், ஆந்த்ரே லோட்டரர், சார்லஸ் ஸ்வோல்ஸ்மான் மூவரும் ஓட்டுவதாக ஏற்பாடு. பந்தயத்துக்குச் சற்று முன் பிட் சுவரைத் தாண்டும்போது நரேன் விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. மூன்று பேர் வேலையை மற்ற இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். 24 மணி நேரமும் இரண்டே பேர். ஏழாவதாக வந்தார்கள். அந்த லோட்டரர் பிற்பாடு லெ மான்ஸை மூன்று முறை ஜெயித்தார். நரேன் 2019-இல் ஜப்பானின் சூப்பர் ஜி.டி.க்குப் போய், அந்த நவம்பரில் ஃபூஜி தடத்தில் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரில் ஒரு பந்தயத்தை ஜெயித்தபோது அண்ணன் எனக்கு மூன்று தடவை போன் போட்டார்.

சென்னைக்காரரான கருண் சந்தோக் 2012-இல் லெ மான்ஸில் முழு 24 மணி நேரத்தையும் கடந்து, டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவரோடும் சேர்ந்து ஆறாவதாக வந்தார். இந்தியர் ஒருவர் அந்தப் பந்தயத்தை ஓட்டி முடித்தது அதுதான் முதல் முறை. அவருடைய தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். லெ மான்ஸில் இந்த இரண்டு அணிகளும் ஓட்டியது ஜி.டி. கார் அல்ல, அதைவிட மேல்வகுப்புக் கார். நெடும்பந்தயத்தின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

*

2020-இல் ஊருக்கு வந்துவிட்டேன். ஒரு பிக்அப் வாங்கினேன். தோவாளைச் சந்தையில் பூ ஏற்றித் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் இறக்குகிறேன். பிச்சி, மல்லி, அரளி, கேந்தி. பூவும் ரேஸ் மாதிரிதான், வெயில் ஏறுமுன் போய்ச் சேரவேண்டும்.

தங்கை மகன் என்னோடு வருகிறான். அவன் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நானும் அவனும் மாற்றி மாற்றி ஓட்டினோம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அப்போதெல்லாம் அவன் ஓட்டும்போது நான் தூங்கியதே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டிருப்பேன்.

2025 ஜனவரியில் அவன்தான் போனைக் கொண்டுவந்து காட்டினான். “மாமா, அஜித் துபாய்ல ரேஸ் ஓட்டப் போறாரு. நீங்க வேல செஞ்ச அதே எடம்.” எல்லையின் இரண்டு பக்கமும் பையன்களுக்கு அது திருவிழா. நடிகர் அஜித் 2003-லும் 2010-லும் ஃபார்முலா கார்கள் ஓட்டியவர். இப்போது தன் பெயரிலேயே அணி வைத்து, 53 வயதில், போர்ஷ 911 கப் காரோடு வந்திருந்தார். பயிற்சியின்போது, 7-ஆம் தேதி, கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்த வீடியோவை நம்மில் பார்க்காதவர் கிடையாது. அடி இல்லாமல் இறங்கி வந்தார்.

எல்லோரும் அந்தச் சுழற்சியைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கு அப்புறம் நடந்தது. தன் பெயர் எழுதிய அந்தக் காரை ஓட்டுவதில்லை என்று அவர் விலகிக்கொண்டார். மாத்யூ டெட்ரி, ஃபபியன் டுஃபியூ, கேமரன் மெக்லியாட் என்ற மற்ற ஓட்டுநர்களிடம் அதை விட்டார். அவர் ராஸூன் அணியின் ஜி.டி.4 போர்ஷ கேமனில் ஓட்டினார். அத்தனை லட்சம் ரசிகர்கள் அவர் அந்தக் காரில் உட்கார்வதைப் பார்க்கக் காத்திருக்கும்போது இறங்கிக்கொள்வதற்கு எவ்வளவு தெளிவு வேண்டும்! மதுரையில் ஆசானை எழுப்பாதவனுக்கு அது தெரியும்.

பந்தயம் யூடியூபில் ஓடியது. ராத்திரி நானும் மருமகனும் திண்ணையில் போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவை ஓட்டுநர் மாறும்போதும் அவனைத் தட்டிச் சொன்னேன்: “இப்ப பாரு. எறங்கினவன் பெல்ட்ட இறுக்கிக் குடுப்பான்.” அவன் முதலில் வேகத்தைத்தான் பார்த்தான். நடுராத்திரிக்குப் பிறகு அவனே எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். “மாமா, அந்தாளு தலய உள்ள விட்டு ஏதோ சொல்லுகாரு.” அப்போதுதான் கயத்தாறு கதையை அவனிடம் சொன்னேன். பெர்த்தில் ஏறாத ஆசானைப் பற்றியும். அவன் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அஜித் அணி 991 என்ற பிரிவில் மூன்றாவதாக வந்தது. அவர் மூவர்ணக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததை அவன் பத்துத் தடவை பார்த்திருப்பான்.

இரண்டு நாள் கழித்துப் பொங்கல் லோடு. தோவாளையில் மூன்று மணிக்கே பூ ஏற்றியாகிவிட்டது. தக்கலை வரை நான் ஓட்டினேன். ஒரு கடையில் சாயா குடித்துவிட்டு, இறங்கி நாலு டயரையும் தட்டிப் பார்த்தேன். பழக்கம். சாவியை நீட்டினேன்.

“கிளட்ச் கொஞ்சம் மேல பிடிக்கு. பின்னால வலது டயர்ல காத்து கம்மியோன்னு சந்தேகம், வளைவுல பாத்துக்கோ. மார்த்தாண்டத்துல பாலத்துக்கு மேல போ, கீழ போகாத. ஒறக்கம் வந்தா—”

“எழுப்பணும். தெரியும் மாமா. நீங்க படுங்க.”

சீட்டைப் பின்னால் சாய்த்தேன். கண்ணாடியை ஏற்றினேன். பின்னாலிருந்து பிச்சிப்பூ வாசனை வந்துகொண்டிருந்தது. காலைக் கொஞ்ச நேரம் பழக்கத்தில் அழுத்தினேன்.

டயர் அமரவிளைப் பாலத்தில் ஏறுகிற சத்தத்தில் கண் விழித்தேன். நெய்யாற்றின் மேல் வெளுத்துக்கொண்டிருந்தது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எங்கள் வீட்டு முக்கு, எதுவும் எப்போது கடந்தது என்று தெரியவில்லை.